எத்தனாவது ஈத்து?

எண்பதுகளில் மேற்கு மாம்பலத்தில் வீட்டு நாய் என்றால் பாமரேனியன்தான். வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று, தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே கத்த ஆரம்பித்துவிடும். நாங்கள் பாமரேனியன் என்று கொஞ்சியதில் முக்கால்வாசி இந்தியன் ஸ்பிட்ஸ், கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைத் தனி இனமாகவே வைத்திருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஆரிய கவுடா ரோட்டை ஒட்டிய தெருக்களில் அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் குட்டி வேண்டுமென்றால் பெரியப்பாவைத்தான் கேட்பார்கள். அவருக்கு ஏ.ஜி. ஆபீஸில் ஆடிட் வேலை. "என்ன சார், சைடு பிசினஸா?" என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சிவந்துவிடும். ஹாபி என்பார். ஆனால் ஒரு குட்டியையும் இலவசமாகக் கொடுத்ததில்லை. "சும்மா குடுத்தா மதிக்கமாட்டா. காசு குடுத்து வாங்கினவன்தான் ஊசி போட அழைச்சுண்டு போவான்" என்பது அவர் கட்சி. அதில் உண்மையும் இருந்தது. குட்டி விற்ற பணம் பெரும்பாலும் எங்கள் பள்ளிக்கூட பீஸாகத்தான் மாறியது.

அந்த வீட்டில் நாய் வளர்ப்புக்கு விதி போட்டவர் பாட்டி. ரேழியைத் தாண்டி நாய் வரக் கூடாது. கூடத்தில் ஒரு வெள்ளை முடி கிடந்தால் அன்று முழுக்க வீடு அல்லோலகல்லோலப்படும். எங்கள் பெண் நாய் சில்கி முதல்முறை குட்டி போட்டபோது, இதற்குத் தீட்டு உண்டா என்று பாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாடு கன்று போட்டால் பத்து நாள் அந்தப் பாலைத் தொடமாட்டோமே, நாய்க்கு என்ன கணக்கு? அயோத்யா மண்டபத்தில் ஒரு வாத்தியாரைப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்தார். அவர் என்ன சொன்னார் என்று பாட்டி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே கொல்லையில் விறகு போட்டிருந்த ஷெட்டை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார். ஈனுகிற நாய்க்குத் தனி இடம் வேண்டும் என்று அரசாங்கம் விதி எழுதுவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே எங்கள் கொல்லையில் அது அமலுக்கு வந்துவிட்டது. மடி ஆசாரத்தால் வந்தது என்றாலும் நாய்க்கு லாபம்தான்.

மாநகராட்சி என்றால் எங்களுக்கு நாய் வண்டிதான். பிடித்துப் போகிற நாய்கள் பேசின் பிரிட்ஜில் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்ட காலம் அது. கேப்டன் சுந்தரம் 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸ், பிடித்துக் கருத்தடை செய்து அதே தெருவில் விடுங்கள் என்று அறுபதுகளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. 1996 வாக்கில்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. நாய் வண்டிக்குப் பயந்து பெரியப்பா குட்டியைக் கொடுக்கும்போது கழுத்தில் ஒரு பட்டையும் கட்டியே கொடுப்பார். அதற்குத் தனிக் காசு. லைசென்ஸ் என்ற சொல்லை அவர் ரேடியோவுக்கும் ஸ்கூட்டருக்கும் மட்டும்தான் உச்சரித்து நான் கேட்டிருக்கிறேன்.

மேட்டிங்குக்கு சில்கியை அசோக் நகருக்கு அழைத்துப் போவார்கள். பெண் நாயைத்தான் ஆண் நாயின் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சொந்த இடத்தில் இருந்தால்தான் ஆணுக்குத் தைரியம் வரும் என்பார்கள். ஆண் நாய்க்காரருக்குப் பணமோ, பிறந்ததில் முதல் பொறுக்கு குட்டியோ கொடுக்க வேண்டும். பெரியப்பா பணம்தான் கொடுப்பார். குட்டியாகக் கொடுத்தால் அவர் இருப்பதிலேயே உருண்டையானதை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். அறுபத்துச் சொச்சம் நாள் கழித்து ஒரு ராத்திரி சில்கி கோணிச் சாக்கைப் பிராண்ட ஆரம்பிக்கும். பெரியம்மா ஹார்லிக்ஸ் கரைத்து வைத்துக்கொண்டு முழித்திருப்பார்.

பெரியப்பாவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஆபீஸ் பேரேடு மாதிரியே கோடு போட்டது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எடை, குடற்புழு மருந்து கொடுத்த நாள், யாருக்குப் போயிற்று, எந்தத் தெரு, எவ்வளவு, பாக்கி உண்டா. ஒரு குட்டி பார்வோ வந்து செத்துப்போனால் அதையும் சிவப்பு மையில் எழுதி, வாங்கியவருக்குப் பாதிப் பணம் திருப்பிய விவரத்தையும் எழுதியிருப்பார். தணிக்கைக்காரர் நோட்டில் தணிக்கை செய்ய ஒன்றும் இருக்காது. மாம்பலத்தில் இப்படி நோட்டு வைத்துக் குட்டி விற்றவர் வேறு யாரும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தடவை என்னை சைதாப்பேட்டைக்கு அழைத்துப் போனார். மாம்பலத்துக்கு அடுத்த ஸ்டேஷன். கால்நடைத் துறை அங்கே நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்று வைத்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. கம்பிக்குப் பின்னால் நின்ற ராஜபாளையத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பாமரேனியன் வெள்ளை வேறு, இந்த வெள்ளை வேறு. ரோஸ் கலர் மூக்கு, குரைக்காமல் நம்மையே பார்க்கிற பார்வை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் குட்டி வரும். பெரியப்பா விசாரித்ததோடு சரி. "ராஜபாளையத்துக்குத் தோட்டம் வேணும்டா. நம்மாத்துல ரேழிதானே இருக்கு."

அந்தப் பிரிவின் முடிவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலங்கு நல வாரியத்தில் பதிவில்லை, பராமரிப்பும் சரியில்லை என்று பொதுநல வழக்குப் போட்டார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடுவதற்குச் சற்று முன்பு. நாட்டு இனத்தை ஒழிக்கச் சதி என்று ஒரு பக்கம் கோபப்பட்டார்கள். நாய்களுக்கு விடுதலை என்று இன்னொரு பக்கம் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலை வெளியிட்டது ஒரு துறை. அதே நாயை வளர்த்த இன்னொரு துறை பதிவுக்குக்கூட எழுதிப் போடவில்லை. அரசாங்கமே இப்படி இருந்தால் ரேழியில் ஒரு நாயை வைத்திருக்கிறவரை யார் என்ன கேட்க முடியும்?

கேட்டவர் ஒருவர் இருந்தார். சில்கி வரிசையாக ஈன்றுகொண்டிருந்த காலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீட். ஒன்றையும் பெரியப்பா விடவில்லை. கேட்டு வருகிறவர்கள் நோட்டில் காத்திருந்தார்கள், அதுதான் காரணம். ஆசைக்கு வளர்க்கிறவரையும் தேவை துரத்தும். அந்த முறை ஐந்து குட்டிகள். மூன்றாவது வாரம், விடியற்காலை பால் பாக்கெட் வரும் நேரத்தில் சில்கிக்கு உடம்பு உதறியது. கால்கள் விறைத்து, வாய் நுரைத்து, தொட்டால் கொதித்தது. பாட்டி ரேழிக்கே வந்துவிட்டார். "எடுத்துண்டு போடா, வேப்பேரிக்கு" என்றார். ஆட்டோவில் பெரியப்பா மடியில் துண்டால் சுற்றி வைத்துக்கொள்ள, நான் பக்கத்தில். துரைசாமி சப்வேயில் தேங்கியிருந்த தண்ணீரை ஆட்டோக்காரர் எப்படிக் கடந்தார் என்பது இன்னும் தெரியவில்லை.

வேப்பேரி என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-லிருந்து இருக்கிறது. சென்னையில் நாய் வளர்த்த எந்தக் குடும்பமும் அந்த மரத்தடியில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கும். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று. சின்ன உடம்பு, நிறைய குட்டி, எல்லாம் பாலில் போய்விட்டது. கால்சியத்தை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார், இன்னொருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். மருந்து இறங்க இறங்க உதறல் அடங்கியது. அப்புறம்தான் டாக்டர் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"இது எத்தனாவது ஈத்து?"

பெரியப்பா சொன்னார்.

"முன் ஈத்து எப்போ?"

அதற்கும் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, "அடுத்த ஹீட்டை விட்டுடுங்க சார். அதுக்கு அடுத்ததைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். குட்டிகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னார். பெரியப்பா அடுத்த ஹீட்டையும் விட்டார், அதற்கடுத்ததையும் விட்டார். பேச்சே எழவில்லை. சில்கி ரேழியிலேயே வயதாகிப் போய்ச் சேர்ந்தது.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியபோது பரணிலிருந்து எடுத்து வைத்தேன். 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. அதே மாதம் மாட்டுச் சந்தை விதிகளும் வந்து நாடெங்கும் மாட்டிறைச்சிச் சண்டையாகிவிட்டதால், நாய் விதிகளை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் அந்த விதிகளையும் பெரியப்பாவின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பதிவேடு வேண்டும் என்கிறது விதி. அதில் அவருக்கு முழு மார்க். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் சரி. குட்டிக்கு எட்டு வாரம் ஆகாமல் விற்கக் கூடாது என்கிறது. பெரியப்பா முப்பதாம் நாளிலேயே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார், குட்டி பாலை நக்கிக் குடித்தால் போதும். அன்று எல்லோரும் அப்படித்தான். பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும், வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்குப் பிறகு கூடவே கூடாது, டாக்டர் உடல்தகுதிச் சான்று தர வேண்டும். இந்த வரிகளுக்கு நோட்டில் பதிலே இல்லை. அத்தனை பத்திகள் போட்ட மனிதர் தாய்க்கு என்று ஒரு பத்தி போடவில்லை. குட்டிகளின் எடை கிராம் கணக்கில் இருக்கிறது. சில்கியின் வயதை நான் தேதிகளைக் கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாய் வளர்ப்போர் வட்டத்தில் இந்த விதிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இன்ஸ்பெக்ஷன், பீஸ், லஞ்சம் என்றுதான் பேச்சு போகிறது. விலங்கு நல ஆர்வலர்களிடம் பேசினால் இனப்பெருக்கமே தேவையில்லை, தெருநாயைத் தத்தெடுங்கள் என்பார்கள். இரு தரப்புக்கும் நடுவில் அந்த வேப்பேரி டாக்டரின் இரண்டு கேள்விகள் அரசிதழில் அச்சாகியிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு மற்றதெல்லாம் கூடக் குறைய இருக்கலாம். இது போகக் கூடாது.

சட்டத்தின் பல் எவ்வளவு கூர்மை என்பது வேறு கதை. இந்த விதிகள் பிறந்தது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலிருந்து. அந்தச் சட்டத்தின்கீழ் விதியை மீறினால் நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. நாயை அடித்து வதைத்தால் முதல் தடவைக்கு ஐம்பது ரூபாய் வரை. சென்னை மாநகராட்சியில் நாய் வளர்க்க லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு அதே ஐம்பது. நூறு ரூபாய் தண்டத்துக்குப் பயந்து ஒரு பீகிள் குட்டியின் விலையை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

பெரியப்பாவின் பேரன் அதே மனையில் எழும்பிய அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருக்கிறான். அவனிடம் ஒரு பெண் பீகிள்; பெயர் மோச்சா. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஒரு குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய பிறகு லைசென்ஸ் பேச்சு சூடுபிடித்தது. 2025 கடைசியில், லைசென்ஸ் இல்லாவிட்டால் ஐயாயிரம் அபராதம் என்று மாநகராட்சி கெடு வைத்தது. கெடு தள்ளித் தள்ளிப் போனது. பிட்புல், ராட்வைலர்களுக்குப் புதிதாக லைசென்ஸ் கிடையாது என்றும் ஆயிற்று. நானும் அவனும் கண்ணம்மாபேட்டை முகாமுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. ஷிட்ஸு, லாப், நாட்டு நாய், கூடையில் இரண்டு பூனை. பாமரேனியன் கண்ணில் படவில்லை. செல்போன் விளம்பரம் ஒன்றில் வந்த பக் நாய்க்காக ஊரே அலைந்த காலம் நடுவில் வந்து போய்விட்டது. மோச்சாவின் தோள்பட்டைக்கு நடுவே ஊசி வழியாக அரிசி அளவு சிப்பை ஏற்றினார்கள். ரீடரைக் காட்டியதும் பதினைந்து இலக்க எண் வந்தது.

திரும்பி வரும்போது கேட்டான்: "சித்தப்பா, லைசென்ஸ் எடுத்தாச்சு. இனிமே குட்டி போட்டா விக்கலாம்ல?"

அவன் மட்டுமில்லை, முகாமில் நின்ற பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மாநகராட்சி கொடுப்பது நாய் வைத்துக்கொள்ள. இனப்பெருக்கம் செய்து விற்பதற்குத் தமிழ்நாடு விலங்கு நல வாரியத்தில் தனியாகப் பதிய வேண்டும். ஐயாயிரம் ரூபாய், இரண்டு வருஷத்துக்கு, ஆய்வு உண்டு. வருஷா வருஷம் எத்தனை குட்டி, யாருக்குப் போயிற்று என்று அறிக்கை. விதிகளின் கண்ணில், ஊருக்கு வெளியே ஷெட் போட்டு ஐம்பது நாய் வைத்திருப்பவரும் இரண்டாவது மாடியில் ஒரே ஒரு மோச்சா வைத்திருப்பவனும் ஒன்றுதான். ஷெட்காரர் ஆள் வைத்துப் படிவம் நிரப்பிவிடுவார். மோச்சா மாதிரி வீட்டு நாய்களின் குட்டிகள் வாட்ஸ்அப்பில் 'குட்டி ரெடி' என்று போட்டோவாக வந்து, சத்தமில்லாமல் கை மாறிவிடும். ஹாபிக்காரருக்கு ஒரு சின்ன வாசல் வைக்காததுதான் இந்த விதிகளின் பெரிய குறை என்று எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தில் இதை உள்ளூர் கவுன்சிலிடமே விட்டிருக்கிறார்கள். 2018-லிருந்து, பன்னிரண்டு மாதத்தில் மூன்று ஈத்தோ அதற்கு மேலோ போட்டு விற்றாலும், தொழிலாகச் செய்தாலும் கவுன்சில் லைசென்ஸ் கட்டாயம். ஆசைக்கு ஓர் ஈத்து என்றால் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் 2020-ல் லூசி சட்டம் என்று ஒன்று வந்தது. குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட, ஈன்று ஈன்றே ஒடிந்துபோன ஒரு ஸ்பேனியலின் பெயர் லூசி. குட்டியை நடுவில் யாரும் வாங்கி விற்கக் கூடாது. வளர்த்தவர் வீட்டிலேயே, தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். சில்கியை யாரும் பார்க்கக் கேட்டதில்லை. வந்தவர்கள் ரேழியில் கூடையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சில்கி கொல்லையில் கட்டிக் கிடக்கும்.

இங்கே நம் தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டபோது, நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று பதினொரு வெளிநாட்டு இனங்களைத் தடைப் பட்டியலில் வைத்தார்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, பக் எல்லாம் அதில் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னியை வளருங்கள் என்றார்கள். சைதாப்பேட்டையை மூடியது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். கென்னல் கிளப் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பத்திரிகைகளில் எல்லோரும் எந்த இனம் உள்ளே, எந்த இனம் வெளியே என்றே விவாதித்தார்கள். மே மாத வெயிலில் ஹஸ்கி வளர்ப்பது அநியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த இனமானாலும் வரிசையாக ஆறு ஈத்து போட்டால் உடம்பு உதறத்தான் செய்யும்.

அடுக்குமாடிச் சங்கத்திலும் விஷயம் போயிற்று. நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடுக்க முடியாது என்பது விலங்கு நல வாரியத்தின் நிலை. செயலாளருக்கும் அது தெரியும். "குட்டி எட்டு வாரம் இங்கேயே இருக்கும்னா மெயின்டனன்ஸ் எத்தனை பேருக்குப் போடறது?" என்று கேட்டார். விளையாட்டாகவா நிஜமாகவா என்று பிடிபடவில்லை. பெரியம்மாவுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. மோச்சா அவர் கட்டிலுக்குக் கீழேதான் தூங்குகிறது. "கால்சியம் குடுங்கோடா அதுக்கு, இப்பவே" என்கிறார். குட்டி போடுவதற்கு முன்பே கண்டபடி கால்சியம் கொடுத்தால் உடம்பு அதைத் தானாக எடுக்கும் வேலையை மறந்து, அப்புறம் இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியம்மா நம்பவில்லை.

படிவத்தை நான்தான் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பாவின் நோட்டைப் பார்த்து அவன் ஒரு எக்செல் போட்டிருக்கிறான். முதல் பத்தி தாயின் சிப் எண், இரண்டாவது பிறந்த தேதி, மூன்றாவது முன் ஈத்து. மோச்சாவுக்குப் பதினெட்டு மாதம் நிறைய இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை பேச்சில்லை என்று சொல்லிவிட்டேன். அசோக் நகர்க்காரர் ஒருவர், தன் ஆண் பீகிளின் சாம்பியன் பேப்பரை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, முதல் பொறுக்கு குட்டி தனக்குத்தான் என்று இப்போதே பேரம் பேசுகிறார்.